உளுத்த கட்டைக்கு வார்னிஷா? கூட்டத்தில் உட்கார்ந்து பதிந்த ராக் கச்சேரிகளும் ரீமாஸ்டர்களும்

கேள்வி, 3 ஜனவரி 2026

அண்ணே, பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்துக்கு 50 ஆண்டுப் பதிப்பு டிசம்பரில் வந்ததே, அதில் 1975 லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரி என்று 16 டிராக் இருக்கிறது. இசைக்குழு பதிந்தது இல்லையாம், கூட்டத்தில் ஒருத்தர் திருட்டுத்தனமாகப் பதிந்ததாம். அதை ஒலிக்கலவைக்காரர் ஸ்டீவன் வில்சன் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார். கேட்டேன், மோசமில்லை. ஆனால் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த சவுண்ட்போர்டு பதிவுகள் எத்தனையோ கச்சேரிகளுக்கு இருக்கும்போது, விசிலும் கைதட்டலும் நிறைந்த ஆடியன்ஸ் டேப்பை எடுத்து மெனக்கெட்டு ரீமாஸ்டர் செய்வது உளுத்த கட்டைக்கு வார்னிஷ் அடிக்கிற வேலைதானே?

4 ஜனவரி, காலை

உளுத்த கட்டை இல்லை தம்பி. நல்ல தேக்கு. மேலே முப்பது வருடப் பெயின்ட் ஏறிக் கிடக்கிறது, சுரண்டத் தெரிந்தவன் சுரண்டினால் போதும். சுரண்டத் தெரியாதவன் கையில் கிடைத்தால் தேக்கும் போய்விடும், அது வேறு கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இந்தச் சவுண்ட்போர்டு மோகத்தைப் பற்றி. மிக்ஸருக்குள் என்ன போகிறது? ஹாலின் ஸ்பீக்கர்களில் எதைப் பெருக்க வேண்டுமோ அது போகிறது. நடுத்தர அளவு ஹாலில் கிடார்காரரின் ஆம்ப்ளிஃபயரே ஊரைக் கூட்டும், அதை மிக்ஸரில் ஏற்றவே தேவையில்லை. குரலுக்குத்தான் உதவி வேண்டும். அதனால் மிக்ஸரிலிருந்து எடுத்த பல டேப்புகளில் பாடகர் உங்கள் காதுக்குள் வந்து நிற்பார், கிடார் பக்கத்து வீட்டில் வாசித்துக்கொண்டிருக்கும், டிரம்ஸ் அட்டைப் பெட்டி மாதிரி இருக்கும். ஹாலே இருக்காது. அந்த மிக்ஸ் அந்த ஹாலுக்காக, அந்த இரவுக்காகச் செய்தது. ஹாலைக் கழித்துவிட்டால் அது பாதி உண்மைதான். கூட்டத்தில் உட்கார்ந்து பதிந்தவரின் மைக்குக்கு வந்ததோ மேடைச் சத்தமும் ஸ்பீக்கர் சத்தமும் கூரையில் பட்டுத் திரும்பியதும் சேர்ந்த முழுச் சாப்பாடு. பக்கத்தில் உட்கார்ந்தவர் வாய் ஓயாதவராக இருந்தால் அதுவும் தட்டில் சேரும், அது அவரவர் அதிர்ஷ்டம்.

நம் பக்கத்திலும் சபாவில் மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு கச்சேரி பதிந்த மாமாக்கள் இருந்தார்கள். தொடையில் தாளம் தட்டும் சத்தத்தோடு அந்தப் பதிவுகளைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் இதையெல்லாம் விளக்கவே வேண்டாம்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலையான ஆள் இல்லை. நீங்கள் சொல்லும் அதே கச்சேரி, 1975 ஏப்ரல் 26, என்னிடம் 1996 முதல் இருக்கிறது. பெரியப்பா மகன் ஒஹையோவில் படித்துக்கொண்டிருந்தபோது யாரிடமோ வாங்கி நகலெடுத்து மதுரைக்கு அனுப்பினான். இரண்டு 90 நிமிடக் கேசட். ஒன்று புது மேக்ஸெல், இன்னொன்று ஏற்கெனவே எதற்கோ பயன்பட்டு மேலே திரும்பப் பதிந்த டிடிகே. மூலத்திலிருந்து எத்தனையாவது நகல் என்று அவனுக்கும் தெரியாது. 2009இல் அதைக் கணினியில் ஏற்றினேன், கடைசியில் வந்த பேச்சுக் குப்பையை வெட்டி எறிந்துவிட்டு ‘மாஸ்டர்’ என்று பெயர் வைத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

4 ஜனவரி, இரவு

பதிந்தவர் யார் என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். மைக் மில்லார்ட். இந்த வட்டாரத்தில் மைக் த மைக் என்று பட்டப்பெயர். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக்காரர். எழுபதுகளில் அந்த ஊரில் லெட் செப்பலின், ஸ்டோன்ஸ், ஃபிளாய்ட் என்று யார் வந்தாலும் மனிதர் போய்ப் பதிந்துவிடுவார். கருவி நாகமிச்சி 550. பேட்டரியில் ஓடும், ஆனால் சட்டைக்குள் மறைக்கிற சாமான் இல்லை, தூக்கினால் தோள் இறங்கும். அதனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கருவியை உடம்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் மறைத்துக்கொண்டு உள்ளே போவார். மைக் ஏகேஜி 451. அது ஸ்டூடியோவில் வைக்கிற மைக் ஐயா, கல்யாண மண்டப மைக் இல்லை. செப்பலின் 1977 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரத்தில் ஆறு இரவு வாசித்தார்கள். அந்த வரிசையில் ஜூன் 21ஆம் தேதிப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். செப்பலின் டிரம்மர் பான்ஹாமின் அடி எப்படி விழுகிறது என்று அதில் தெரிவதுபோலப் பல அதிகாரப்பூர்வ வெளியீடுகளில்கூடத் தெரியவில்லை என்பேன்.

ஃபிளாய்ட் அந்த ஏப்ரலில் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் ஐந்து இரவு வாசித்தார்கள். போலீஸ் வாசலிலேயே நின்று கஞ்சா வழக்கில் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தது. அப்படிப்பட்ட வாசல் வழியாகத்தான் இந்த ஆள் ஒரு ரெக்கார்டரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பம் கடைக்கு வந்தது அதே ஆண்டு செப்டம்பரில்தான், ஆக அன்றைக்குக் கூட்டத்துக்கு அந்தப் பாட்டுகள் புதுசு. அமைதியாக உட்கார்ந்து கேட்கிறார்கள், அந்த அமைதியும் பதிவில் இருக்கிறது. அதோடு இன்னும் பெயர் மாறாத இரண்டு நீளப் பாட்டுகள் வாசித்தார்கள், 1977 ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் வந்தவை. ‘ரேவிங் அண்ட் ட்ரூலிங்’ பின்னால் ‘டாக்ஸ்’ ஆனது, ‘யூவ் காட் டு பி கிரேஸி’ ‘ஷீப்’ ஆனது.

மில்லார்ட் காசுக்கு விற்றவர் இல்லை. நண்பர்களுக்கு நகல் கொடுப்பார், கொடுக்கும்போது எந்த நகல் யாருக்குப் போனது என்று கண்டுபிடிக்க அதில் ஓர் அடையாளமும் வைப்பாராம். அப்படியும் கசிந்து, அனுமதியில்லாமல் விற்கும் பூட்லெக் கடைக்குப் போனது. 1994இல் இறந்துபோனார். போவதற்கு முன் மூல நாடாக்களை எல்லாம் அழித்துவிட்டார் என்று வெகுகாலம் பேச்சு இருந்தது. அழிக்கவில்லை. வீட்டில் அம்மாவிடம் பத்திரமாக இருந்திருக்கின்றன. கடந்த சில ஆண்டுகளாக ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அம்மாக்கள் எதையும் தூக்கிப் போடுவதில்லை.

5 ஜனவரி

மாற்றி எழுதிவிட்டேன். ‘ரேவிங் அண்ட் ட்ரூலிங்’தான் ‘ஷீப்’. ‘யூவ் காட் டு பி கிரேஸி’தான் ‘டாக்ஸ்’. இதைச் சுட்டிக்காட்ட நாலு பேர் வந்தீர்கள், முந்நூறு வருடம் வாழ்க. நாயும் ஆடும் மாறினால் பரவாயில்லை, மைக் மாடல் மாறியிருந்தால் என்னைக் கொன்றிருப்பீர்கள்.

8 ஜனவரி

சரி, பெயின்ட் சுரண்டும் கதைக்கு வருவோம். நீளமாகப் போகும்.

கேசட்டில் ஹெட் என்று ஒன்று இருக்கிறதே, அதில் முடியைவிட மெல்லிய ஓர் இடைவெளி. அது நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிந்த கருவியில் அது ஒரு முடி சாய்ந்திருந்தால் நாம் ஓட்டும் கருவியிலும் அதே சாய்வு வேண்டும். இல்லையென்றால் உச்ச ஒலி எல்லாம் போய்விடும், கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுவதுபோல இருக்கும். இதற்குப் பெயர் அசிமத். சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், பாட்டை ஓடவிட்டு, கால் திருகு, அதிலும் பாதி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் டிரம்ஸின் தகடு பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்து. அவ்வளவுதான்.

சின்ன வயதில் எங்கள் தெரு ரெக்கார்டிங் சென்டர்காரர் இதைத்தான் பல்லுக்குச்சி மாதிரி ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துச் செய்வார். பாட்டுப் பட்டியலும் ஒரு டிடிகே 60ம் கொடுத்துவிட்டு வருவோம், ஒரு வாரம் கழித்துக் கிடைக்கும். எனக்கு அன்றைக்கு அவர் மந்திரவாதி. இன்றைக்கு ரீமாஸ்டர் என்ற பெயரில் எத்தனை பேர் இதைச் செய்யாமல் நேரே கணினிக்குப் போய், மங்கலாக இருக்கிறது என்று ஈக்வலைசரில் உச்ச ஒலியை ஏற்றுகிறார்கள் தெரியுமா? இல்லாத உச்ச ஒலியை எப்படி ஏற்றுவாய்? இரைச்சல்தான் ஏறும். ஸ்க்ரூ திருப்பிப் பத்து நிமிடத்தில் முடிகிற வேலையை மென்பொருளில் பத்து நாள் செய்துவிட்டு, அதற்கு ஒரு அட்டைப்படமும் போட்டு விடுகிறார்கள்.

அடுத்தது வேகம். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். எந்தக் கருவியும் சரியாக அப்படி ஓடாது. ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், பாடகர் பால்குடி மறக்காத பிள்ளை ஆகிவிடுவார். நகலுக்கு நகல் இந்தப் பிழை கூடலாம், ஒன்றை ஒன்று தின்றும் விடலாம். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பதிவின் அடியில் மின்சார ரீங்காரம் மெல்லியதாக இருக்கும். அதைக் கணினியில் அலைவரிசைப் படமாகப் பார்த்தால் ஒரு நேர்க்கோடாகத் தெரியும். என் ஃபிளாய்ட் கேசட்டில் அது 61.9இல் நிற்கிறது. ஆக மூன்று சதவீதத்துக்கு மேல் வேகம். 60க்கு இறக்கினால் கதை முடிந்தது. 2009இல் இதுகூடத் தெரியாமல் விட்டுவிட்டேன். நேற்று இறக்கினேன், நன்றாக வந்தது.

9 ஜனவரி

முடியவில்லை. நான் எழுதியது தப்பு. ஒரு நண்பர் தனியே எழுதிக் கேட்டார்: “மில்லார்ட் பேட்டரியில்தானே பதிந்தார், அவர் கருவியில் 60 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது?”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அந்த ரீங்காரம் கச்சேரியில் இருந்ததில்லை. என் அண்ணன் ஒஹையோவில் சுவர் பிளக்கில் சொருகி நகலெடுத்த கருவி போட்டது. ஆக அதை 60க்கு இறக்கியதால் அவன் கருவிக்கும் என் கருவிக்கும் இடையிலான பிழைதான் தீர்ந்தது. அதற்கு முன்னால் எத்தனை நகல், எத்தனை கருவி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பிழை என்று அந்தக் கோடு சொல்லாது. இதைப் படித்துவிட்டு மறுபடி படத்தைத் திறந்து பார்த்தால் இன்னொரு கோடும் இருக்கிறது, சரியாக 50இல். அது நம்ம மதுரைக் கரண்ட். 2009இல் நான் ஏற்றும்போது என் டெக் போட்டது. லாஸ் ஏஞ்சலஸ் கச்சேரிக்குள் பழங்காநத்தம் கேட்கிறது.

பிறகு எதை வைத்து அளப்பது? கிடாரை நம்ப முடியாது, அன்றைக்கு எப்படிச் சுருதி சேர்த்தார்களோ. மெலட்ரான் கீபோர்டை நம்பவே கூடாது, அதற்குள்ளேயே நாடாதான் ஓடுகிறது, அது ஓடுவதே ஒரு தினுசு. ஹேமண்ட் ஆர்கன் இருந்தால் அதைப் பிடியுங்கள். அதற்குள் பல்சக்கரங்கள் சுற்றித்தான் சுரம் வருகிறது, சுற்றும் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டியது. சூடானாலும் குளிர்ந்தாலும் சுருதி நகராது. ஃபிளாய்டில் கீபோர்டு வாசித்த ரிக் ரைட்டிடம் ஹேமண்ட் இருந்தது. அதைப் பிடித்து அளந்தால் என் நகலில் இன்னும் ஒன்றரை சதவீதம் வேகம் மிச்சம் இருக்கிறது.

11 ஜனவரி

வீட்டில் கேட்டார்கள்: “வெளியில மழையா?” இல்லை, 1975.

14 ஜனவரி, போகி

பழைய கேசட் பெட்டியை வாசலில் வைத்துவிடலாமா என்று இன்றைக்குக் காலையில் ஒரு குரல் எழுந்தது. பெட்டியோடு சேர்த்து நானும் வாசலுக்குப் போகிறேன் என்றேன், யோசித்துப் பார்த்தார்கள்.

பெட்டியைக் கிளறியதில், நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி பற்றிச் சொல்லாமல் விட்டது ஞாபகம் வந்தது. டால்பி பி போட்டுப் பதிந்த நாடாவை டால்பி இல்லாமல் ஓட்டினால் உச்ச ஒலி தூக்கலாகக் கேட்கும், இரைச்சலும் தூக்கலாக. எங்களுக்கெல்லாம் அன்றைக்கு அதுதான் பிடித்தது, ‘தெளிவாக இருக்கிறது’ என்று சொல்லி டால்பி பொத்தானைத் தொடவே மாட்டோம். அதேபோல டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டினால் கம்பளி. நாலு நகலில் ஒருத்தர் போட்டு ஒருத்தர் போடாமல் விட்டிருந்தால் அதைப் பிரித்தெடுக்க ஆண்டவனாலும் ஆகாது. அந்த இடத்தில் மட்டும் காதால் கேட்டு ஈக்வலைசர் தொடுவதை ஒத்துக்கொள்கிறேன்.

17 ஜனவரி

இப்போது சுரண்டத் தெரியாதவர்கள் கதை. அதில் நானும் ஒருத்தன்.

2007 மார்ச் 17, பெங்களூரு அரண்மனை மைதானம், அயர்ன் மெய்டன் குழுவின் கச்சேரி. மதுரையிலிருந்து பஸ்ஸில் போனோம், நானும் கல்லூரி நண்பன் ஒருவனும். சட்டைப் பையில் ஒரு எம்பி3 பிளேயர், அதில் பேச்சுப் பதியும் வசதி உண்டு, பட்டாணி அளவு மைக். மில்லார்ட் ஆகிவிடலாம் என்று நினைப்பு. வந்தது என்ன? சத்தம் தாங்காமல் ஒலி உடைந்து போயிருந்தது, மைக் மேல் சட்டை உரசும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே நண்பன் ஒவ்வொரு பாட்டையும் பாடகரைவிட ஒரு நொடி முன்னால் பாடுகிறான். பதினேழு வருடம் அதைத் தொடவில்லை.

போன வருடம் இந்தச் செயற்கை நுண்ணறிவுப் பிரிப்பான்கள் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதை உள்ளே போட்டேன். குரல் தனி, டிரம்ஸ் தனி, பேஸ் தனி, மற்றவை தனி என்று நாலாகப் பிரித்துக் கொடுக்கும். ஸ்டூடியோப் பாட்டில் அசத்துகிறது. பீட்டர் ஜாக்சனின் ஆட்கள் பீட்டில்ஸ் வேலைக்கென்று இப்படி ஒன்றை உருவாக்கித்தான் லென்னனின் பழைய கேசட்டிலிருந்து குரலைப் பிரித்தார்கள், 2023இல் புதுப் பாட்டே வந்தது. ஆனால் அது வீட்டில் ஒரு பியானோ, ஒரு குரல். மைதானம் வேறு. மென்பொருளுக்குக் குரல் என்றால் குரல். மெய்டன் பாடகர் புரூஸ் டிக்கின்சனையும் என் நண்பனையும் ஒரே டிராக்கில் போட்டது. குரலை ஏற்றினால் நண்பனும் ஏறுகிறான். கூட்டம் கத்துவதையும் குரல் என்று எடுத்துக்கொண்டு, பாட்டு நிற்கும் இடத்தில் ஆயிரம் பேர் தண்ணீருக்குள் இருந்து கத்துகிற மாதிரி ஒரு கொழகொழப்பு. டிரம்ஸ் மட்டும் சுத்தமாக, காற்றே இல்லாத அறையில் யாரோ தட்டுகிற மாதிரி. நாலையும் மறுபடி சேர்த்தால் அது பெங்களூரு இல்லை, எந்த ஊரும் இல்லை.

இப்போது வெளியாகும் ‘ஏஐ ரீமாஸ்டர்’ செப்பலின் டேப்புகளில் முக்கால்வாசியில் இதே கொழகொழப்பு இருக்கிறது. முதல் இரண்டு நிமிடம் அடடா என்று தோன்றும், பத்தாவது நிமிடம் தலைவலி. கைதட்டலைத்தான் முதலில் கேட்க வேண்டும். கைதட்டல் கைதட்டலாக இருந்தால் ஆள் கவனமாக வேலை செய்திருக்கிறார். அப்பளம் நொறுங்குகிற மாதிரியோ சோப்பு நுரை மாதிரியோ இருந்தால் மூடிவிடுங்கள்.

18 ஜனவரி

“அப்படியானால் எதையும் தொடக்கூடாதா?” இல்லை ஐயா. கருவி செய்த தப்பைத் திருத்து. வேகம், சாய்ந்த ஹெட், நாடா கசங்கிய இடத்தில் ஒரு பக்கம் ஒலி குறைவது, கேசட் பக்கம் மாற்றும்போது விட்டுப்போன ஒரு நிமிடம், இதெல்லாம் அன்றைக்கு ஹாலில் நடந்ததில்லை. ஹாலில் நடந்ததை விட்டுவிடு. பக்கத்து சீட்டுக்காரர் ஹாலில் நடந்தவர்.

பக்கம் மாற்றும் இடத்தை எதை வைத்து நிரப்புவது என்பதில் மட்டும் சண்டை உண்டு. அதே இரவை வேறொருவர் பதிந்திருந்தால் அதிலிருந்து எடுத்து ஒட்டு, தவறில்லை, ஒட்டிய இடத்தைக் குறிப்பில் எழுது. மறுநாள் கச்சேரியிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டுச் சொல்லாமல் இருப்பவர்களை என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள்.

22 ஜனவரி

இந்தத் திருட்டுப் பதிவுகளை அதிகாரப்பூர்வமாக யாரும் மதித்ததே இல்லையா என்று ஒரு கேள்வி. மதித்திருக்கிறார்கள், முறைத்தும் இருக்கிறார்கள்.

1969 நவம்பர் 9, ஓக்லண்ட், ரோலிங் ஸ்டோன்ஸ். கூட்டத்தில் ஒருத்தர் துப்பாக்கிக் குழல் மாதிரி நீளமான சென்ஹைசர் மைக்கையும் ஊஹெர் ரீல் ரெக்கார்டரையும் வைத்துப் பதிந்தார். சில வாரத்தில் அனுமதியில்லாத இசைத்தட்டாக, கள்ளத்தட்டாக வந்துவிட்டது. பத்திரிகையில் மதிப்புரையே எழுதினார்கள். அதே பயணத்தின் அதிகாரப்பூர்வத் தட்டு மறு ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது, கள்ளத்தட்டு விற்ற விற்பனைதான் அவர்களை அவசரப்படுத்தியது என்று ஒரு பேச்சு உண்டு.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் கதை இன்னும் விசேஷம். 1970 ஆகஸ்ட் 23, நியூயார்க்கில் மேக்ஸ் கன்சாஸ் சிட்டி என்ற கடையில் வாசிக்கிறார்கள், லூ ரீட் அந்தக் குழுவோடு வாசித்த கடைசி இரவு அது. பிரிஜிட் போக் என்ற தோழி மேசையில் சின்ன சோனி கேசட் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தார். மோனோ. 1972இல் கம்பெனியே அதைத் தட்டாக வெளியிட்டது. இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒருத்தர் குடிக்க ஆர்டர் கொடுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும், அது ஜிம் கேரல், கவிஞர். பிற்பாடு எத்தனை முறை மறுபதிப்பு வந்தாலும் அந்த ஆர்டர் அப்படியே இருக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று அவர் குரலை எடுத்தால் அந்தத் தட்டில் பாதி அழகு போய்விடும்.

கிரேட்ஃபுல் டெட் குழுவினர் வேறு வழி பிடித்தார்கள். ரசிகர்கள் பதிவதைத் தடுக்கவில்லை. ஒலிப்பொறியாளருக்கு முன்னால் காடு மாதிரி மைக் கம்புகள் முளைத்து மேடையே தெரியாமல் போனதால் 1984இல் பதிகிறவர்களுக்கென்றே அவர் மேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கினார்கள். ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவோ 1991இல் தன்னைக் கள்ளத்தனமாகப் பதிந்த தட்டுகளையே எடுத்து, சுத்தம்கூடச் செய்யாமல், தன் பெயரில் வெளியிட்டார். திருடனிடமே திருடிய மனிதர்.

முறைத்தவர்களில் முதலிடம் செப்பலின் மேனேஜர் பீட்டர் கிரான்ட். 1971இல் வான்கூவரில் கூட்டத்துக்குள் யாரோ கருவி வைத்துப் பதிகிறார்கள் என்று பார்த்து அதை உடைத்துத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் அது ஒலி அளவை அளக்க வந்த நகராட்சி ஆட்களுடைய கருவி.

25 ஜனவரி

இன்றைக்குக் கொஞ்சம் மானம் போனது.

நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஃபிளாய்ட் கச்சேரியை மூன்று விதமாக வைத்தோம். என் பழைய கேசட்டிலிருந்து நான் திருத்தியது, மூல நாடாவிலிருந்து ரசிகர்கள் ஏற்றி வெளியே விட்டது, வில்சன் செய்த அதிகாரப்பூர்வமானது. முதல் சுற்றில் அவர் என்னுடையதைத் தேர்ந்தெடுத்தார்! காலைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். பிறகு பார்த்தால் என்னுடையது மற்றவற்றைவிட ஒன்றரை டெசிபல் சத்தமாக இருக்கிறது. சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், காதின் பழைய பலவீனம். அளவைச் சமப்படுத்தினோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன், அவர் மாற்றி மாற்றிப் போட்டார். ஐந்து முறையில் நாலு முறை வில்சனுடையதைத்தான் பிடித்தது என்றேன்.

இரைச்சலைக் குறைப்பவர்களை இத்தனை நாள் திட்டியவன் நான். அதில் இரைச்சல் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் கூட்டம் இருக்கிறது, ஹால் இருக்கிறது, ‘டைம்’ பாட்டில் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அடிக்கும் இடத்தில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பத் தோன்றுகிறது. ஃபிளாய்டுக்கு நாலு பக்க ஸ்பீக்கர் உண்டு, அது ஏகேஜி மைக்குக்குள் வந்திருக்கிறது. ரசிகர்கள் விட்ட பதிப்பு இதற்கு ரொம்பப் பின்னால் இல்லை, இரண்டாவது இடம். என்னுடையது மூன்றாவது இடம்கூட இல்லை, தனி இனம்.

இரைச்சல் கருவியின் தப்பா, ஹாலின் பகுதியா? நாடாவின் தப்பு. அப்படியானால் என் விதிப்படியே அதைக் குறைத்தது சரி. நான்தான் பழக்கத்தில் அதை ஹாலோடு சேர்த்துவிட்டேன். முப்பது வருடமாக அந்த மழைக்குள்தான் இந்தக் கச்சேரியைக் கேட்டிருக்கிறேன், மழை நின்றதும் ஏதோ குறைவதுபோல இருக்கிறது. அது என் கோளாறு. கேள்வி கேட்ட தம்பி இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1 பிப்ரவரி

மூல நாடாவே வெளியே வந்த பிறகு என் கேசட்டுக்கு வேலை இல்லை. இருந்தாலும் கடைசியாக ஒரு முறை ஒழுங்காக ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ரப்பர் பெல்ட் மாற்றினேன், ஹெட்டைத் துடைத்தேன், ஸ்க்ரூவைத் திருப்பினேன். இந்த முறை எதையும் வெட்டுவதில்லை என்று முடிவு. டிடிகே இரண்டாம் பக்கம் ‘எக்கோஸ்’ முடிந்து, கைதட்டல் முடிந்து, டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் 2009இல் நான் வெட்டிய அந்தப் பேச்சுக் குப்பை.

அன்றைக்குக் கம்பளிக்குள் இருந்ததால் யாரோ முனகுகிறார்கள் என்று விட்டிருக்கிறேன். அந்தப் பகுதிக்கு ஹெட்டின் சாய்வு வேறு. இன்னும் கொஞ்சம் திருப்பினதும் குரல் திறந்தது. பெரியம்மா. ஒஹையோவுக்கு மகனுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பியிருக்கிறார்கள். அண்ணன் அதன் மேலேயே ஃபிளாய்டைப் பதிந்து எனக்கு அனுப்பிவிட்டான். மேலே பதிந்தது போக மிச்சம் நாலு நிமிடம் சொச்சம். மாவடு அனுப்பியது, யாருக்கோ வளைகாப்பு, மாடி அறையில் ஓடு ஒழுகுவது, பின்னால் காக்காய்.

வேகம் சரியில்லை, குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தது. ஹேமண்ட் ஆர்கனுக்கு எங்கே போவது என்று நினைத்தபடி படத்தைத் திறந்தால், அடியில் இரண்டு கோடு. ஒன்று சரியாக 50இல், அது என் டெக். இன்னொன்று 51.4இல். பெரியப்பா வீட்டு டேப் ரெக்கார்டரில் பேட்டரி போட்டு நான் பார்த்ததே இல்லை, எப்போதும் சுவரில் சொருகியபடிதான் ஓடும். இது நகலும் இல்லை, பெரியம்மா பேசிய அதே நாடா.

51.4ஐ 50க்கு இறக்கினேன். குரல் கொஞ்சம் கனத்தது, இழுத்துப் பேசுகிற அந்த இழுப்பு வந்தது. அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே இப்போது நடுராத்திரி.